மஞ்சள் பூ வெங்காயங்கள்: ஒரே நிறம், வேறு வேறு பருவம்

கேள்வியும் அதன் வயதும்

நாம் சமைக்கும் வெங்காயம் பூத்தால் வெள்ளைப் பூக்குடை விரிக்கும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அழகுக்காகத் தோட்டங்களில் நடப்படும் அதன் உறவினங்களில் ஊதாவே அதிகம். இளஞ்சிவப்பும் வெள்ளையும் அடுத்து வரும். தெளிவான மஞ்சள் அல்லியம் பேரினத்தில் சிறுபான்மை நிறம். ஆயிரத்தை நெருங்கும் இனங்களைக் கொண்ட இப்பேரினத்தில் மஞ்சள் பூப்பவை கொஞ்சம்; அவற்றிலும் பூக்கிழங்கு வணிகர்களிடம் வழக்கமாகக் கிடைப்பவை மிகச் சில. அல்லியம் மோலி, அல்லியம் ஃபிளேவம், அல்லியம் ஒப்ளிகுவம் என்ற மூன்றும்தான் தோட்டக்காரர் கையில் பெரும்பாலும் வந்து சேர்கின்றன. மூன்றுக்கும் இன்றைய அறிவியல் பெயரைச் சூட்டியவர் லின்னேயஸ், ஆண்டு 1753.

இவற்றை எப்படி வளர்ப்பது என்ற கேள்வி அதைவிடப் பழையது. ஜான் பார்க்கின்சன் 1629இல் லண்டனில் வெளியிட்ட தோட்டப் பெருநூலிலேயே 'மோலி' வகைகளுக்குத் தனி இடம் உண்டு. ஹோமரின் ஒடிசியஸ், மாயக்காரி சர்சியின் மந்திரத்திலிருந்து தப்ப உதவிய மூலிகையின் பெயர் அது. ஹோமர் சொன்ன பூவோ பால் வெள்ளை, வேர் கறுப்பு. மஞ்சள் பூ வெங்காயத்துக்கும் அந்த மூலிகைக்கும் உள்ள உறவு பெயரளவிலானது. 1983இல் பிளைடாக்கிஸ், டுவாய்சின் என்ற இரு மருத்துவர்கள் ஹோமரின் மூலிகை பனித்துளிப் பூவாக இருக்கலாம் என்று வாதிட்ட பிறகு இந்த உறவு மேலும் தளர்ந்துவிட்டது. ஆனால் அக்காலத் தோட்டங்களில் இந்தப் பெயர் செய்த ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்த, வெவ்வேறு இயல்புடைய செடிகள் ஒரே தலைப்பின் கீழ் சேர்ந்தன. சேர்ந்தவற்றுக்கு ஒரே வளர்ப்பு முறை போதும் என்ற எண்ணமும் கூடவே வந்தது. இன்று 'மோலி' என்ற தலைப்பு மறைந்து 'மஞ்சள் அல்லியம்' என்ற தலைப்பு வந்திருக்கிறது. எண்ணம் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள். நிறத்தைப் பார்த்து வளர்ப்பு முறையை முடிவு செய்ய முடியாது. வகைப்பாட்டுக் குடும்பத்தைப் பார்த்தும் முழுதாக முடிவு செய்ய முடியாது. செடி எந்த மாதங்களில் வளர்கிறது, எப்போது ஓய்கிறது, அந்த மாதங்களில் அதன் சொந்த ஊரில் தண்ணீர் எவ்வளவு என்பதே ஓரளவு நம்பத்தக்க வழிகாட்டி என்பது இங்கே முன்வைக்கப்படும் வாதம்.

வெயிலில் காயவிடும் மரபு

முதல் நிலைப்பாடு மிகவும் பரவலானது. கிழங்குச் செடி என்றால் நல்ல வெயில், நீர் தேங்காத மண், கோடையில் வறண்ட ஓய்வு. துலிப்பு முதலிய மேற்காசியக் கிழங்குகளை வளர்த்த அனுபவத்திலிருந்து திரண்ட விதி இது. மழை பெய்யும் இங்கிலாந்துக் கோடையில் கிழங்குகள் அழுகாமலிருக்க, அவற்றைக் கண்ணாடி மூடிய பாத்திகளில் காயவிடும் வழக்கமும் இதன் நீட்சிதான். மஞ்சள் வெங்காயங்களில் இந்த விதிக்கு மிகவும் பொருந்துவது ஃபிளேவம். தென் பிரான்சிலிருந்து இத்தாலி, பால்கன் வழியாகத் துருக்கி வரை வறண்ட சரிவுகளிலும் பாறை இடுக்குகளிலும் வளர்வது. குளிர்ந்த, ஈரமான மாதங்களில் இலை வளர்த்து, ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் பூப்பது. பூக்கும் நேரத்தில் அதன் நீலச்சாம்பல் நிற மெல்லிய இலைகள் பெரும்பாலும் வாடத் தொடங்கியிருக்கும்.

இந்தச் செடியைக் கிட்டப் போய்ப் பார்ப்பது பயனுள்ளது. அதன் கோடைக்கால ஒழுங்கு முழுவதும் பூங்கொத்தில் தெரியும். மொட்டுகளை மூடியிருக்கும் பாளை இரண்டு நீண்ட வால்களாக முடிகிறது, ஒன்று மற்றதைவிட நீளம். பாளை பிளந்ததும் மணி போன்ற சிறு மஞ்சள் பூக்கள், வெவ்வேறு நீளமுள்ள காம்புகளில், ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகவிழ்ந்து தொங்குகின்றன. மகரந்தத்தாள்கள் இதழுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கருவுற்ற பின் அதே காம்புகள் நிமிர்ந்து காயை மேல்நோக்கிப் பிடிக்கின்றன. ஆகவே ஒரே கொத்தில் தொங்கும் பூவும் நிமிர்ந்த காயும் சில வாரங்கள் சேர்ந்தே இருக்கும். வாணவேடிக்கையில் சிதறும் பொறி நினைவுக்கு வருவது தவிர்க்க முடியாதது. இத்தனையும் நடப்பது மண் காய்ந்திருக்கும் நாட்களில். பூக்கும்போது செடியை நடத்துவது பெரும்பாலும் முன்பே சேர்த்துவைத்த நீரும் உணவும். அந்நேரத்தில் 'பூக்கிறதே, பாவம்' என்று தண்ணீர் ஊற்றுவதால் அதற்குப் பெரிய நன்மை எதுவும் இல்லை.

இந்த மரபின் குறை, ஃபிளேவத்துக்குப் பொருந்தியதை எல்லாவற்றுக்கும் நீட்டியது. மோலிக்குக் கோடை வறட்சி கட்டாயம் என்பதற்குச் சான்று இல்லை. கோடை முழுவதும் மழை பெறும் வடகிழக்கு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அது நெடுங்காலமாக எளிதில் வளரும் செடி என்றே பெயர் பெற்றிருக்கிறது. கிழக்கு ஆசிய இனங்களின் நிலை இன்னும் வேறு. மேற்குச் சீனாவின் மலைகளில் 2000 மீட்டருக்கு மேல் வளரும் அல்லியம் கிரைசாந்தம், கிழக்கு சைபீரியாவிலிருந்து கொரியா, ஜப்பான் வரை பரவியுள்ள வெளிர்மஞ்சள் கொண்டென்சாட்டம் இரண்டும் கோடை மழையில் வளர்ந்து கோடைப் பின்பகுதியில் பூப்பவை. அவற்றின் ஓய்வு குளிர்காலத்தில். ஜூலையில் அவற்றைக் காயப்போடுவது, வளரும் பயிருக்குத் தண்ணீரை நிறுத்துவதற்குச் சமம்.

நட்டுவிட்டு விட்டுவிடும் மரபு

இரண்டாவது நிலைப்பாட்டுக்கு 1870இல் வில்லியம் ராபின்சன் எழுதிய 'தி வைல்டு கார்டன்' என்ற நூல் ஊற்றுக்கண். அயல்நாட்டுச் செடியானாலும் தானாக வாழத்தக்க இடத்தில் நட்டு, அதன் போக்கில் பெருக விடுவது அதன் சாரம். இந்த மரபின் செல்லப்பிள்ளையாக மோலி இருக்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஸ்பெயினின் கிழக்குப் பகுதியும் பிரனீஸ் மலைத்தொடரும் அதன் தாயகம். உயரம் 20 முதல் 30 சென்டிமீட்டர். துலிப்பு இலையைப் போல அகன்ற சாம்பல்பச்சை இலைகள், கிழங்குக்கு ஒன்றிரண்டு. மே கடைசியிலும் ஜூனிலும் நட்சத்திர வடிவப் பூக்கள். இதழின் முதுகில் மெல்லிய பச்சைக் கோடு ஓடும். மொட்டு நிலையில் அந்தக் கோடுகளே முதலில் கண்ணில் படும். இலையுதிர் காலத்தில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டால் போதும், அரைநிழலிலும் வளரும், குட்டிக் கிழங்குகள் வைத்து ஆண்டுக்காண்டு திட்டாகப் பெருகும். இலையுதிர் புதர்களின் அடியில் இது ஏறக்குறைய பராமரிப்பே கேட்பதில்லை.

பெருகுவதே இந்த மரபின் வலிமை, பலவீனமும் அதுதான். புதருக்கடியில் நன்மையாக இருக்கும் பரவல், பாறைத்தோட்டத்தின் சின்னஞ்சிறு செடிகளுக்கிடையே தொல்லையாகும். கிழங்கைத் தோண்டியெடுத்தாலும் குட்டிகள் மண்ணில் தங்கிவிடும். இதைச் சுட்டி மோலியை ஆக்கிரமிப்புச் செடி என்று எச்சரிப்பவர்கள் உண்டு. இங்கே அளவு பார்த்துப் பேச வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காட்டில் பரவ விடக் கூடாதவை என்று 2010 முதல் சட்டப் பட்டியலில் உள்ள வெங்காய இனங்கள் அல்லியம் டிரைக்வெட்ரமும் அல்லியம் பாரடாக்சமும். இரண்டும் வெள்ளைப் பூ. மோலி அப்பட்டியலில் இல்லை. தோட்டத்துக்குள் பரவும் செடியும் காட்டைக் கைப்பற்றும் செடியும் ஒன்றல்ல. இருந்தாலும், தோட்டக் கழிவை ஓடையோரத்தில் கொட்டும் பழக்கம் உள்ளவரை, பட்டியலில் இல்லை என்பதையே பாதுகாப்புச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஃபிளேவமும் ஒப்ளிகுவமும் இப்படிக் கிழங்கு வைத்து வேகமாகப் பெருகுவதில்லை. அவை பெரும்பாலும் விதையால் இனம் பெருக்குபவை. அடர்ந்த புல்லுக்கிடையில் ஃபிளேவத்தின் நாற்றுகள் தாக்குப்பிடிப்பது கடினம். ஆக, 'நட்டுவிட்டு விட்டுவிடு' என்பது நடைமுறையில் ஒரே ஓர் இனத்தின் வெற்றிக்கதை.

மரபணுச் சான்று சொல்வதும் சொல்லாததும்

இந்த வேறுபாடுகளுக்கு ஒரு பகுதி விளக்கம் 2006இல் கிடைத்தது. ஃபிரீசன், ஃபிரிட்ச், பிளாட்னர் ஆகியோர் டிஎன்ஏ வரிசைகளை அடிப்படையாகக் கொண்டு அல்லியம் பேரினத்தை 15 துணைப்பேரினங்களாகவும் 72 பிரிவுகளாகவும் மறுவகைப்படுத்தினர். அதற்கு முன் 1875இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் ரேகல் வெளியிட்ட பெருந்தொகுப்பு போன்றவை வெளித்தோற்றத்தையே நம்பியிருந்தன. புதிய வகைப்பாட்டில் பேரினம் மூன்று பரிணாமக் கோடுகளாகப் பிரிகிறது. மோலி முதல் கோட்டில், அமெரால்லியம் துணைப்பேரினத்தில் இருக்கிறது. ஃபிளேவம், ஒப்ளிகுவம், கொண்டென்சாட்டம் மூன்றும் மூன்றாம் கோட்டில் வந்தாலும், ஆளுக்கொரு துணைப்பேரினத்தில் உள்ளன. கொண்டென்சாட்டம் இருப்பது நம் சமையல் வெங்காயத்தின் துணைப்பேரினத்திலேயே. மோலியின் அடிப்படை நிறமூர்த்த எண் 7. மற்ற மூன்றுக்கும் 8. மஞ்சள் நிறம், சுருங்கச் சொன்னால், இப்பேரினத்தில் பல கிளைகளில் சிதறிக் கிடக்கிறது. மஞ்சள் வெங்காயம் என்று ஒரு குடும்பம் இல்லை.

இதிலிருந்து சிலர் அடுத்த படிக்குத் தாவுகிறார்கள்: நிறத்தை விட்டுவிட்டுத் துணைப்பேரினத்தைப் பார்த்து வளர்ப்பு முறையைத் தீர்மானிக்கலாம் என்று. கவர்ச்சியான யோசனைதான், ஆனால் மோலியின் சொந்தத் துணைப்பேரினமே அதை மறுக்கிறது. அமெரால்லியத்தில் ஐரோப்பாவின் ஈரக் காட்டுத்தரையில் வளரும் கரடிப்பூண்டு இருக்கிறது. மேலே சொன்ன இரண்டு சட்டப்பட்டியல் செடிகளும் இருக்கின்றன. டெக்சாஸின் மேற்குப் பகுதியில் வறண்ட பாறைநிலத்தில் வளரும் அல்லியம் கோரியும் இருக்கிறது. வட அமெரிக்காவின் சொந்த வெங்காயங்களில் மஞ்சள் பூப்பது அது ஒன்றே என்று அக்கண்டத்தின் தாவரநூல் குறிக்கிறது. மோலியும் கோரியும் ஒரே துணைப்பேரினம், ஒரே நிறம். ஆனால் மோலிக்குச் செய்வதைக் கோரிக்குச் செய்தால் அது நிலைக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை. உறவுமுறை, எந்த இனம் எதனோடு கலக்கும் என்பதைச் சொல்லலாம். எவ்வளவு தண்ணீர் கேட்கும் என்பதைத் தனியாகச் சொல்வதில்லை.

பருவத்தைப் பார்ப்பது

எஞ்சியிருப்பது வாழிடத்திலிருந்து தொடங்கும் நிலைப்பாடு. அதைத் தோட்டக்கலையில் நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் பெத் சாட்டோ. இங்கிலாந்தின் எசெக்ஸில், ஆண்டு மழை ஏறத்தாழ 500 மில்லிமீட்டர் மட்டுமே பெறும் இடத்தில், வாகன நிறுத்துமிடமாக இருந்த சரளை நிலத்தை 1991-92இல் தோட்டமாக்கினார். நட்டு வேரூன்றிய பிறகு அதற்கு நீர்ப்பாய்ச்சுவதில்லை என்பது கொள்கை. நிலத்தைச் செடிக்காக மாற்றாமல், நிலத்துக்கேற்ற செடியைத் தேடுவது அவர் வழி. மஞ்சள் வெங்காயங்களுக்கு இவ்வழி நன்கு பொருந்துகிறது, ஒரு திருத்தத்தோடு: வாழிடம் என்பதை மண்ணின் தன்மையாக மட்டும் படிக்காமல் பருவக் கணக்காகப் படிக்க வேண்டும்.

ஒப்ளிகுவம் இதற்கு நல்ல சோதனை. ருமேனியாவின் திரான்சில்வேனியாவில் துர்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறைகளில் அது வளர்வது தாவரவியலாளருக்கு நன்கு தெரிந்தது. அதைப் படித்தவர் சுண்ணாம்புக்கல்லைத் தேடி ஓடுவார். ஆனால் அதே இனம் கிழக்கே சைபீரியா, அல்தாய் வரை பரவி, அங்கே புல்வெளிச் சரிவுகளில் வளர்கிறது. ஒரு செடி இயற்கையில் எங்கே இருக்கிறது என்பது அதற்கு எது உகந்தது என்பதை மட்டும் காட்டுவதில்லை. போட்டிச் செடிகள் அதை எங்கே விட்டுவைத்தன என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. போட்டி இல்லாத தோட்டப் பாத்தியில், சாதாரண வளமான மண்ணில், ஒப்ளிகுவம் 60 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை வளர்ந்து, பச்சை கலந்த மஞ்சள் உருண்டைப் பூங்கொத்து வைக்கிறது. சுண்ணாம்பைக் காணோமே என்று ஏங்குவதில்லை. இரு தாயகங்களுக்கும் பொதுவானது மண் அல்ல, பருவம்: உறையும் குளிர்காலம், ஈரமான வசந்தம், அதில் வேகமான வளர்ச்சி, கோடைத் தொடக்கத்தில் பூ, பிறகு இலை அடக்கம். தோட்டக்காரர் ஏற்பாடு செய்ய வேண்டியதும் இந்த வரிசையைத்தான். வசந்தத்தில் தண்ணீருக்குக் குறை வைக்கக் கூடாது. பூ முடிந்ததும் மண் காய்ந்தால் கவலை இல்லை.

இதே கணக்கில் மற்றவையும் அவரவர் இடத்தில் அமர்கின்றன. ஃபிளேவத்துக்குச் சரளை மண்ணும் முழு வெயிலும்; விதைத்தால் இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில் பூக்கும். மோலிக்கு வசந்த ஈரம் போதும், கோடை எப்படியிருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். அதற்குத் தேவை கவனிப்பைவிட எல்லை, ஆகவே வேலிப்புதரின் அடி. கொண்டென்சாட்டம், கிரைசாந்தம் போன்ற கிழக்காசிய இனங்களின் ஒல்லிக் கிழங்குகள் நிலத்தடித் தண்டோடு ஒட்டியிருப்பவை. காய்ந்த கிழங்காக உறையில் வாங்குவதைவிட, வேரோடு தொட்டியில் வளர்ந்த செடியாக வாங்கி, கோடை முழுதும் ஈரம் காக்கும் பாத்தியில் வைப்பது பொருத்தம். நிறக் கோர்ப்பும் இந்தக் கணக்கின் கீழ் வருவதே. மோலியின் மஞ்சளுக்குப் பக்கத்தில் நீல ஜெரேனியம் நன்றாக இருக்கும் என்று அறிவுரை சொல்வது எளிது; இரண்டும் ஒரே வாரத்தில் பூக்க வேண்டுமே. ஃபிளேவம் பூக்கும்போது மோலி மண்ணுக்குள் போயிருக்கும்.

மறுப்புகள்

முதல் மறுப்பு நடைமுறை சார்ந்தது. வீட்டுத் தோட்டக்காரருக்கு இத்தனை கணக்கு எதற்கு? மோலியை வாங்கி எங்கே நட்டாலும் வருகிறதே. உண்மை, வருகிறது. ஆனால் அந்த வெற்றிதான் மற்ற இனங்களின் தோல்விக்கு வழி செய்கிறது. பூக்கிழங்கு உறையின் பின்பக்கத்தில் 'வெயில் அல்லது அரைநிழல், எல்லா மண்ணும்' என்று மோலிக்கு அச்சிட்டதை ஃபிளேவத்துக்கும் நம்பி, புதர் நிழலில் நட்டு, இரண்டு குளிர்காலத்தில் இழந்தவர் செடியைக் குறை சொல்வார். எளிய செடிக்கு எந்த விதியும் வேலை செய்யும். ஆகவே அது எந்த விதிக்கும் சான்றாகாது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. பருவக் கணக்கு எல்லாவற்றையும் விளக்காது. பூச்சியும் நோயும் பருவம் பார்ப்பதில்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வெங்காய வெள்ளையழுகல் நோயின் பூஞ்சை உறைவித்துகள் மண்ணில் இருபது ஆண்டுகள் வரைகூட உயிரோடு தங்கக்கூடியவை. துரு நோயும் உண்டு. இவ்விஷயத்தில் நிறமும் கிளையும் தாயகமும் பின்னுக்குப் போய், எல்லாம் அல்லியம் என்ற ஒன்றே முன்னுக்கு வருகிறது. சமையல் வெங்காயமோ பூண்டோ நோய் கண்ட பாத்தியில் அழகு வெங்காயத்தையும், அழகு வெங்காயம் நோய் கண்ட இடத்தில் காய்கறி வெங்காயத்தையும் நடாதிருப்பதே நல்லது. மான்களும் எலிகளும் இவற்றின் பூண்டு வாடையால் பெரும்பாலும் விலகிப்போகின்றன என்பது சிறிய ஆறுதல்.

இன்னொரு கூட்டத்தாரின் மனக்குறை தோட்ட வடிவமைப்பு சார்ந்தது: மஞ்சள் இனங்கள் எல்லாம் சிறியவை, ஊதா உருண்டைகளின் கம்பீரம் இவற்றுக்கு இல்லை. ஒப்ளிகுவத்தின் உயரம் பாதிப் பதில். மீதிப் பாதிக்கு இப்போதைக்குப் பதில் இல்லை. அதன் காரணம் வகைப்பாட்டில் தெரிகிறது. பெரிய ஊதா உருண்டைகள் இரண்டாம் பரிணாமக் கோட்டில், மெலனோகுரோமியம் துணைப்பேரினத்தில் வருபவை. அவற்றின் புகழ்பெற்ற கலப்பினங்களில் ஒன்றான குளோப்மாஸ்டரின் பெற்றோர் இருவரும் அதே துணைப்பேரினத்தார். மஞ்சளைத் தரக்கூடிய மோலியோ ஒப்ளிகுவமோ வேறு கோட்டில், தூரத்தில் நிற்கின்றன. சாதாரண மகரந்தச் சேர்க்கையால் இந்தத் தூரத்தைக் கடப்பது எளிதாக இருக்க வாய்ப்பில்லை.

தீராதவை

பருவத்தை அடிப்படையாகக் கொண்ட நிலைப்பாடு மற்றவற்றைவிடக் கூடுதலான உண்மைகளை விளக்குகிறது. ஆனாலும் அதன் சான்றுகளில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. முதலாவது, வணிகத்தில் விற்கும் மோலியில் ஒரு பங்கு டச்சுக் கிழங்கு வணிகத்தின் வழியே பரவிய 'ஜீனைன்' என்ற தேர்வு. உயரமானது, பெரும்பாலும் கிழங்குக்கு இரண்டு பூந்தண்டு தருவது; அரச தோட்டக்கலைக் கழகத்தின் தகுதி விருதும் பெற்றது. குட்டிக் கிழங்குகளால் பெருக்கப்படுவதால் அதன் செடிகள் அனைத்தும் ஒரே செடியின் பிரதிகள். மோலி நிழலைத் தாங்கும், கோடை மழையைத் தாங்கும் என்று இன்று சொல்லப்படுவதில் எவ்வளவு அந்த இனத்தின் இயல்பு, எவ்வளவு ஒரு தேர்வின் இயல்பு என்பதைப் பிரித்துச் சொல்ல, காட்டு விதையிலிருந்து வளர்த்த செடிகளை அருகருகே நட்டுப் பார்க்க வேண்டும். ஃபிளேவத்தின் சிக்கல் இதற்கு நேர்மாறு: பிரான்சிலிருந்து துருக்கி வரை பரந்த இனம் அது, தோட்டத்தில் வளரும் விதை எந்த மலையிலிருந்து வந்தது என்பது பெரும்பாலும் உறையில் எழுதப்படுவதில்லை.

இரண்டாவது ஓட்டை காலநிலை. பருவக் கணக்கு, பருவங்கள் ஓரளவு நிலையாக வரும் என்று எடுத்துக்கொள்கிறது. பிரிட்டனின் கோடைகள் சூடாகிக்கொண்டும் குளிர்காலங்கள் ஈரமாகிக்கொண்டும் போகும் போக்கில், கோடை வறட்சி ஃபிளேவத்துக்குச் சாதகமாகலாம். அதே செடிக்குக் குளிர்கால ஈரம் கிழங்கழுகலைக் கொண்டுவரலாம். இவ்விரண்டில் எது மேலோங்கும் என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். சரளையின் ஆழமும் நிலத்தின் சரிவும் அதை ஓரளவு தீர்மானிக்கும். கிழக்காசிய இனங்களுக்கோ கோடையில் நீர் விடுவதைத் தவிர வேறு வழி இருக்காது. நீர்க் கட்டுப்பாடு விதிக்கப்படும் ஊர்களில் கொண்டென்சாட்டத்தை நடுபவர் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.